உயிரோடு விடப்பட்டது

பர்ல் டாக்கெட் மீனுக்கு முத்தம் கொடுத்துத்தான் தண்ணீரில் விடுவார். மூக்கின் மேல், கண்ணை மூடிக்கொண்டு, யாராவது கைபேசியில் படம் எடுத்து முடிக்கும்வரை உதட்டை எடுக்காமல் கொடுப்பார். "எனக்குக் கடைசியா எப்போ குடுத்தாருன்னு ஞாபகமே இல்ல, மிஸ் வில்டா. மீனுக்கு மட்டும் சனிக்கிழமை தவறாமக் குடுத்துடுறாரு" என்று அவர் மனைவி நேடீன் என் கடையில் நின்று சொல்லியிருக்கிறாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிளாக்ஜாக் ஏரியின் தென்கரையில் இருக்கும் படகுத்துறை என்னுடையது. புழு, ஐஸ், பெட்ரோல், தூண்டில் சாமான் எல்லாம் முப்பத்தொரு வருடமாக விற்கிறேன். கிழக்கு டெக்சாஸ் ஆண்பிள்ளைகள் சபையில் சொல்லக் கூசும் பொய்களையெல்லாம் படகுத்துறையில்தான் அவிழ்த்துவிடுவார்கள். ஐந்து பவுண்டு மீன் என் கடை வாசலைத் தாண்டுவதற்குள் எட்டு பவுண்டு ஆகிவிடும். பர்ல் மட்டும் அப்படி இல்லை. அவர் பொய் சொல்லாத மனிதர். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத முதல் விஷயம், ஏனென்றால் அந்தப் பெருமையை அவர் நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிந்தார்.

தொழில் ஏசி மெக்கானிக். ஜூலை மாதத்தில் உங்கள் வீட்டு ஏசி நின்றுபோனால் பர்லைவிட நல்ல ஆள் கிடையாது, அதை மறுக்க மாட்டேன். பாப்டிஸ்ட் சபையில் டீக்கன், பாதிரியாருக்கு அடுத்தபடியான பொறுப்பு, அதனால் ஊரே 'பிரதர் பர்ல்' என்று கூப்பிடும். பாஸ் மீன் பிடிக்கிறவர்கள் கூடும் பிளாக்ஜாக் பாஸ் சங்கத்தை ஆரம்பித்தவரும் அவரே, இருபத்திரண்டு வருடமாகத் தலைவரும் அவரே. சட்டைப் பையில் பைபிள் இருக்கிறதோ இல்லையோ, அளவு டேப் இருக்கும். சபை விருந்தில் ஒரு தடவை வெள்ளரிக்காயை எடுத்து அளந்து பார்த்ததை நானே கண்ணால் கண்டேன்.

எங்கள் ஏரியில் பாஸ் மீனுக்கு ஒரு விதி உண்டு. பதினாறு அங்குலத்துக்குக் குறைந்த மீனை நாளுக்கு ஐந்து வரை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இருபத்து நான்கு அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் ஒன்றே ஒன்று. நடுவில் இருப்பது எதுவானாலும் பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். இதில் கம்பசூத்திரம் ஒன்றும் இல்லை. சின்னதைத் தின்று குறைத்தால் மிச்சத்துக்கு இரை கிடைக்கும், மிச்சம் பெரிதாகும். மாநில மீன்துறைப் பெண் ஒருத்தி சங்கக் கூட்டத்துக்கே வந்து, படம் போட்டுக் காட்டி, "தயவு செஞ்சு சின்ன மீனைப் புடிச்சுச் சாப்பிடுங்க, ஐயா" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

"பாஸைக் கொல்றதா?" என்று எழுந்தார் பர்ல். "அம்மா, இந்த ரூம்ல இருக்குற ஒருத்தன் கையிலயும் பாஸ் ரத்தம் கிடையாது. நாங்க புடிச்சா விட்டுடுவோம். பெருசோ சிறுசோ, விட்டுடுவோம்."

எல்லோரும் "ஆமென்" என்றார்கள். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு போய், மிசிசிப்பிப் பண்ணையிலிருந்து லாரியில் வந்த கெளுத்தியைப் பொரித்துத் தட்டு நிறைய வாங்கித் தின்றார்கள். கெளுத்திக்கு யாரும் முத்தம் கொடுக்கவில்லை.

அதன் பலன் ஏரியில் தெரிந்தது. எங்கே தூண்டில் போட்டாலும் பதினாலு அங்குல மீன், தலை பெரிதாக, உடம்பு ஒட்டிப்போய். சங்கத்துக்காரர்கள் அதைப் பிடித்து, முத்தமிட்டு, பட்டினிக்கே திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

இந்த ஊரில் மீன்துறைப் பெண் சொன்னதைக் கேட்டவர் ஒரே ஒருத்தர்தான், அவரும் அவள் சொல்வதற்கு முன்பிருந்தே அதைச் செய்துகொண்டிருந்தவர். மிஸ்டர் அமோஸ் பிக்கெட், மர அறுவை ஆலையில் நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபத்து மூன்று வயது. என் துறையின் ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்காருவார். பதினாறுக்குக் குறைந்தது கிடைத்தால் ஒரு கட்டையால் தலையில் ஒரே தட்டு, ஐஸ் பெட்டிக்குள் போட்டுவிடுவார். ஐந்து ஆனதும் நாற்காலியை மடக்குவார். சோளமாவில் புரட்டிப் பொரித்து அவரும் அவர் தங்கையும் சாப்பிடுவார்கள். அந்த ஐந்து மீனைப் படம் பிடித்து பர்ல் ஃபேஸ்புக்கில் போட்டார். 'நம் ஏரியின் எதிர்காலம் யாருடைய எண்ணெய்ச் சட்டியில் கிடக்கிறது பாருங்கள்' என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு சங்கத்து ஆட்கள் படகிலிருந்து இறங்கும்போது மிஸ்டர் அமோஸுக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். அவர் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

இனி பர்லின் ஏக்கத்தைச் சொல்ல வேண்டும். சங்கக் கூடத்தில் ஒரு சுவர் இருக்கிறது. இருபத்து நான்கு அங்குல பாஸைப் பிடித்து உயிரோடு விட்டவர்களுக்கு, அதே அளவில் பிளாஸ்டிக்கில் மீன் செய்து, வர்ணம் அடித்து, அடியில் பெயரோடு அங்கே மாட்டுவார்கள். நிஜ மீனின் தோலைப் பதப்படுத்தி மாட்டுவது காட்டுமிராண்டித்தனம் என்பது பர்லின் கட்சி. அந்தச் சுவரில் பதினேழு பிளாஸ்டிக் மீன்கள். பல் வைத்தியர் மீன் உண்டு, தபால்காரர் மீன் உண்டு, பாதிரியாரின் மருமகன் ஏரிக்கு வந்ததே இரண்டு தடவை, அவர் மீன்கூட உண்டு. பர்ல் மீன் மட்டும் இல்லை. இருபத்திரண்டு வருடம் மற்றவர்கள் மீனை அளந்து, அட்டையில் கையெழுத்துப் போட்டு, ஆணி அடித்து மாட்டியவர் அவர்தான். அவர் வாழ்நாளில் பிடித்ததில் பெரியது இருபத்து இரண்டரை. அறுபத்து நாலு வயதாகிவிட்டது, முழங்கால் தேய்ந்துவிட்டது, படகை விற்கச் சொல்லி நேடீன் நச்சரிக்கிறாள். அந்தச் சுவரில் ஒரு மீன், அது மட்டும்தான் அவருக்கு மிச்சமிருந்த ஆசை.

போன ஆகஸ்டில் சங்கப் போட்டி. அனல் பறக்கும் நாள், தண்ணீரே வெந்நீர் மாதிரி இருந்தது. பர்ல் அன்று போட்டியில் இறங்கியிருந்ததால், அளவுப் பலகையில் நிற்க வெளியாள் ஒருத்தர் வேண்டும் என்று என்னை நிறுத்தினார்கள். மதியம் இரண்டு மணிக்குத்தான் அளவெடுப்பு. பதினோரு மணிக்கே பர்லின் படகு துறைக்கு வந்தது. தனியாகத்தான் வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"மிஸ் வில்டா, ஐஸ். நாலு மூட்டை. சீக்கிரம்."

"என்னாச்சு பிரதர் பர்ல், யாருக்காவது அடியா?"

அவர் படகின் பின்பக்கத் தொட்டியைத் திறந்து காட்டினார். மீனைப் பிழைக்க வைத்துக் கொண்டுவரத்தான் படகில் அந்தத் தண்ணீர்த் தொட்டி. உள்ளே ஒரு பாஸ் கிடந்தது. முப்பத்தொரு வருடத்தில் நான் அப்படி ஒன்றைப் பத்துத் தடவைகூடப் பார்த்திருக்க மாட்டேன். முதுகு கறுத்து, வயிறு பெருத்து, மீன் என்று சொல்லவே வாய் வரவில்லை. நான் உண்மையில் சந்தோஷப்பட்டேன். பிடிக்காத மனிதர்தான், ஆனாலும் சந்தோஷப்பட்டேன்.

"அளந்தீங்களா?"

"அளந்தேன். இருபத்து மூணே முக்கால்."

அவரே என் முன்னால் இன்னொரு தடவை அளந்தார். மீனின் வாயை மூடி, அளவுப் பலகை முனையில் இருக்கும் முட்டில் அதன் மூக்கை ஒட்டவைத்து, வாலைக் கூட்டிப் பிடித்து. இருபத்து மூன்றே முக்கால்தான். மீன் துள்ளியது.

"அப்போ விடணுமே" என்றேன். "பிடிச்ச எடத்துலயே விட்டிருக்கணும். நீங்கதானே விதி சொல்றவரு?"

"அவ பயந்து சுருங்கிக் கெடக்குறா, மிஸ் வில்டா. கொஞ்சம் குளுமையா இருந்தா உடம்பைத் தளர விடுவா. கால் அங்குலந்தானே. கால் அங்குலம் நீள மாட்டாளா?"

"ரப்பரா அது, நீளுறதுக்கு?"

"ரெண்டு மணிக்குள்ள நீண்டுருவா. எனக்குத் தெரியும். குளுமை பத்தி எனக்கா சொல்லித் தரணும்?"

ஐஸ் மூட்டைகளை ஒன்றன் பின் ஒன்றாகத் தொட்டியில் கொட்டினார். ஏசி மெக்கானிக் இல்லையா, சட்டைப் பையிலிருந்து வெப்பமானி எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்த்துப் பார்த்துக் கொட்டினார். வெந்நீரில் வாழ்ந்துகொண்டிருந்த பிராணியைப் பத்து நிமிடத்தில் ஐஸ் பெட்டிக்குள் போட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். மீனைக் கொஞ்சம் குளிரவைத்தால் நல்லது, இவ்வளவு குளிரவைத்தால் அதிர்ச்சியில் போய்விடும். இரண்டு வார்த்தை சொன்னேன், காதில் விழவில்லை. மூன்றாவது வார்த்தைக்குப் பதில் ஐஸுக்கான பணத்தை வாங்கிக் கல்லாவில் போட்டேன். கேட்டால் ஐஸ் விற்பதுதானே என் பிழைப்பு.

அவர் தூண்டில் போடப் போகவே இல்லை. போட்டியை மறந்துவிட்டார். என் துறைக்கு எதிரே மரநிழலில் படகைக் கட்டிக்கொண்டு, அரைமணிக்கு ஒரு தடவை மீனை வெளியே எடுத்து அளந்தார். எடுப்பார், முட்டில் வைப்பார், வாலைக் கூட்டுவார், உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே விடுவார். பன்னிரண்டு மணிக்கு மீன் துள்ளியதைக் கரையிலிருந்தே பார்த்தேன். பன்னிரண்டரைக்கு வாலை மட்டும் ஆட்டியது. ஒன்றரைக்கு எடுத்தபோது ஆட்டவில்லை. ஆனால் பர்ல் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி வானத்தைப் பார்த்தார். இருபத்து நான்கு வந்துவிட்டது போலிருக்கிறது.

இரண்டு மணிக்குக் கூட்டம் கூடியது. பர்ல் மீனைப் பையில் ஏந்திக்கொண்டு பலகைக்கு வந்தார். நான் வாங்கி வைத்தேன். நனைந்த துணி மாதிரி பலகையில் படிந்தது. முட்டில் ஒட்டவைத்து, வாலைக் கூட்டினேன். இருபத்து நான்கு, கோட்டின் மேலேயே. எடை ஒன்பதே முக்கால் பவுண்டு. செவுள் அசையவில்லை, கண் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"இருபத்து நாலு" என்றேன். கூட்டம் கூச்சல் போட்டது. ஆட்கள் ஓடிவந்து பர்லைக் கட்டிப்பிடித்தார்கள், பல் வைத்தியர் அழுதேவிட்டார். "பிரதர் பர்ல், செத்துப்போச்சு" என்று நான் சொன்னது அந்த ஆரவாரத்தில் அவருக்கு மட்டும் கேட்டது.

"களைச்சுப் போயிருக்கா" என்றார். மீனை அள்ளிக்கொண்டு, பூட்ஸோடு, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். கீழ்த்தாடையைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்ட ஆரம்பித்தார். மயங்கிய மீனுக்குச் செவுளில் தண்ணீர் ஏற அப்படித்தான் ஆட்டுவார்கள். இரண்டு நிமிடம் ஆட்டினால் போதும், பிழைக்கிற மீன் உதறிக்கொண்டு போய்விடும். பர்ல் இருபது நிமிடம் ஆட்டினார். கரையில் ஒவ்வொருவராகக் கைபேசியைப் பைக்குள் போட்டார்கள். சிலர் கெளுத்தி வேகிற பக்கம் நழுவினார்கள். நேடீன் கரைக்கு வந்து கூப்பிட்டாள்.

"பர்ல், போதும். ஏறி வாங்க. அது செத்துடுச்சு."

"நீ சும்மா இரு. மூச்சு விடுறா, எனக்குக் கையில தெரியுது."

"நீங்க ஆட்டுறதுதான் உங்க கையில தெரியுது."

பத்தடி தள்ளி மிஸ்டர் அமோஸ் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பர்ல் திடீரென்று அவர் பக்கம் திரும்பினார். இரண்டு வருடமாக அவரோடு பேசாத மனிதர்.

"மிஸ்டர் அமோஸ், நீங்க சொல்லுங்க. உங்க கையில எவ்வளவோ மீன் போயிருக்கு. இவ இருக்காளா, இல்லியா?"

அவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். அவசரப்படவில்லை.

"போயி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், பிரதர் பர்ல். நான் ஒரே தட்டுல முடிச்சிருவேன். நீங்க மூணு மணி நேரம் எடுத்துக்கிட்டீங்க" என்றார். பிறகு சாதாரணமாக, "இருபத்து நாலு இருக்குல்ல, சட்டப்படி உங்களுதுதான். வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. பெரிய மீன் ருசி கம்மி, ஆனா வீணாக்காதீங்க. வேணும்னா நான் சுத்தம் பண்ணித் தரேன்" என்றார்.

நியாயமான பேச்சு என்றால் அந்த நாள் முழுவதும் நான் கேட்டது அது ஒன்றுதான். பர்ல் அவரைப் பார்த்த பார்வை, பெற்ற பிள்ளையைப் பொரிக்கச் சொன்ன மாதிரி இருந்தது. குனிந்து, அந்தச் செத்த மீனின் மூக்கில் முத்தம் கொடுத்தார், கையை எடுத்தார். அது பக்கவாட்டில் சாய்ந்து, வெள்ளை வயிறு மேலே தெரிய, என் பெட்ரோல் மேடைப் பக்கமாக மிதந்து போனது. பர்ல் கூட்டத்தைப் பார்த்து, "விட்டுட்டேன்" என்றார். இரண்டு பேர் கைதட்டினார்கள், பாவிகள்.

மறுநாள் காலையில் என் மேடைக்கடியில் ஆமைகள் அதைப் பிய்த்துக்கொண்டிருந்தன. வலைக்கம்பால் தள்ளிவிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சங்கம் கூடியது. சுவர் மீனுக்கான அட்டையில் மூன்று வரி உண்டு: நீளம், எடை, கடைசியில் ஏற்கெனவே அச்சடித்திருக்கும் 'உயிரோடு விடப்பட்டது'. அடியில் அளந்தவர் கையெழுத்து. அளந்தவள் நான் என்பதால் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். பர்ல் முன்வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையில், மடியில் கை கோத்து உட்கார்ந்திருந்தார். அவர் வாய் திறக்கவில்லை. அவருக்காக மற்றவர்கள் திறந்தார்கள்.

"கேள்வி ரொம்பச் சின்னது" என்றார் தபால்காரர். "தண்ணியில விட்டாரா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாரா? விட்டாரு. எல்லாரும் பாத்தோம்."

"உயிரோடன்னு போட்டிருக்கே" என்றேன் நான்.

"உயிரோட புடிச்சாரு, தண்ணியில விட்டாரு. நடுவுல என்ன ஆச்சுங்குறது மீனோட பாடு."

சிலர் சிரித்தார்கள். பல் வைத்தியர் எழுந்தார், அவர் சிரிக்கவில்லை. "இதைத் தோண்டாதீங்க, மிஸ் வில்டா. நீந்திப் போச்சா, எவ்வளவு தூரம் போச்சு, மறுநாள் இருந்துச்சான்னு கேக்க ஆரம்பிச்சா, இந்தச் சுவத்துல எது மிஞ்சும்? என்னுது ஜூலை மாசத்து மீன். ரெண்டு மணி நேரம் தொட்டியில வெச்சிருந்தேன், அப்புறம் போட்டோ எடுத்தோம். விட்டேன், கீழ போச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்." கடைசி வார்த்தைகளை அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

பதினேழு மீன்கள் கண்ணாடிக் கண்ணோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொருத்தரும் அவரவர் மீனைப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக இருந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் அப்படி ஓர் அருவருப்பு வந்தது. ஆகஸ்டு வெயிலில் விட்ட மீனில் பாதி ஆழத்துக்குப் போய்ச் சாகும் என்று மீன்துறைப் பெண் அன்றைக்கே சொன்னாள். அதையும் கேட்டுக்கொண்டுதான் இவர்கள் கெளுத்தி தின்றார்கள்.

கை தூக்கச் சொன்னார்கள். சங்கத்தார் இருபத்தாறு பேர், இருபத்தைந்து கை எழும்பியது. எல்லோரும் பர்லைப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடம் அடுத்தவன் மீனில் கால் அங்குலம் விட்டுக்கொடுக்காத மனிதர், பொய்யே சொல்லாத மனிதர். அவர் கை மடியிலேயே இருந்தது. ஒரு நிமிடம் நான் அவரை மதித்தேன் என்றே சொல்வேன். பிறகு அந்தக் கையும் எழும்பியது. தோளுக்கு மேலே போகவில்லை, ஆனாலும் எழும்பியது.

அட்டையும் பேனாவும் என்னிடம் வந்தன. பர்ல் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அடுத்த வருஷப் போட்டியும் உங்க துறையிலதான்னு முடிவு பண்ணியிருக்கோம், மிஸ் வில்டா. வடகரைப் படகுத்துறைக்காரங்க கேட்டாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன்" என்றார். மிரட்டவில்லை, நன்றி சொல்கிற குரலில்தான் சொன்னார். அதுதான் அவர்.

நான் நீளத்தை எழுதினேன், எடையை எழுதினேன், கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலையில் மிஸ்டர் அமோஸ் புழு வாங்க வந்தார். ஊரில் எதுவும் ஒரு ராத்திரிக்கு மேல் தங்காது.

"கூட்டம் முடிஞ்சுதாமே. என்னன்னு போட்டீங்க?"

"உயிரோடன்னு."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் ஐஸ், பெட்ரோல், வடகரைக்காரர்கள் என்று நாலு காரணம் எடுத்து வீசியிருப்பேன். அவர் புழு டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார்.

"சரிதான். உங்களுக்கும் கடை ஓடணுமே, மிஸ் வில்டா" என்றார் இரக்கத்தோடு. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு துறை ஓரத்துக்குப் போனார்.